களையான முகம்

முத்திரை குத்திய சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரவாடிக்காரர் கண் ஆஸ்பத்திரியின் மாடிப்படி ஏறி வந்தபோது பெஞ்சு காலியாகக் கிடந்தது.

போகும்போது அந்தப் பெஞ்சில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் பச்சை அங்கி, பச்சைத் தொப்பி, புருவத்துக்கு மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி. சொட்டு மருந்து போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாய் மேல் விரல் வைத்த பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். சுவரோரமாகக் கடைசியில் இருந்தவள் அவர் மனைவி. “இந்தா, கீழே போய் முத்திரை வாங்கிட்டு வந்துடறேன், அசையாதே” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கீழே வரிசை நீளம். திரும்பி வர இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

சுவர்க் கடிகாரம் பத்து இருபது காட்டியது.

பதினொரு மணிக்குப் பெரிய டாக்டரின் பட்டியல் மூடும். அதற்குள் கதவுக்கு உள்ளே போகாதவர்கள் அடுத்த மாதம் வர வேண்டும். பெரிய டாக்டர் மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் இங்கே வருவார். போன மாதம் வந்தபோது மனைவிக்கு இருமல் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முந்தின மாதம் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார்கள். அவளுக்கு வலது கண் போய் நாலு வருஷம் ஆகிறது. இருப்பது இடது கண் ஒன்றுதான். அதிலும் புரை முற்றிவிட்டது. “அழுத்தமும் ஏறிக்கிட்டே போகுது, இன்னும் ஒரு மாசம் தள்ளினா அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்று பெரிய டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை இந்த ஒரு மாதமாக மரவாடிக்காரர் வாடியில் மரக்கட்டை தூக்கும்போதும் சுமந்தார், இறக்கி வைத்த பிறகும் சுமந்தார்.

ஆபரேஷன் அறைக் கதவைத் தட்டினார். நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள்.

“இங்க ஆறு பேர் உக்காந்திருந்தாங்களே சிஸ்டர்.”

“சீட்டு இருந்த அஞ்சு பேரை உள்ள கூப்பிட்டுக்கிட்டேன். ஆறாவது ஆளோட சீட்டு உங்க கையிலயா? சரி, கூட்டிட்டு வாங்க.”

“அவளைத்தான் காணோம்.”

“கண்ணைத் திறக்காதீங்க, எந்திரிக்காதீங்க, நாங்களே வந்து கூப்பிடுவோம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். எங்க போவாங்க? பதினோரு மணி வரைக்கும் பாப்பேன் பெரியவரே. அதுக்கு மேல என் கையில இல்ல.” கதவு மூடிக்கொண்டது.

நடையில் ஒரு பெண் தரை கூட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டார்.

“ஒரு வரிசை போச்சு அண்ணே. ‘மருந்து போட்டவங்க எல்லாம் எந்திரிங்க’ன்னு ஆயா ஒருத்தி வந்து சத்தம் போட்டா. ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கை வெச்சுக்கிட்டு, ரயில் விளையாட்டு மாதிரிப் போனாங்க. சுவரோரமா இருந்த அம்மாவும் எந்திரிச்சுக் கடைசிப் பெட்டியா ஒட்டிக்கிட்டாங்க.”

“மேலே போச்சா, கீழே போச்சா?”

“நான் தரையைப் பாத்துக் கூட்டறவ. ஏறிச்சா இறங்கிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

மரவாடிக்காரர் படியை மேலும் கீழும் பார்த்தார். நாலு மாடி. ஒவ்வொரு மாடியிலும் இரண்டு பக்கமும் கூடங்கள். எங்கும் பச்சை அங்கிகள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தாலும் மருந்து போட்ட கண்ணுக்குப் பலகையும் புகைதான். சீட்டு இவர் கையில் இருக்கிறது. சீட்டு இல்லாத ஆளை எந்த அறையிலும் யாரும் கூப்பிடப் போவதில்லை. உட்கார வைத்த இடத்தில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள், அப்படிப்பட்டவள்.

கீழே விசாரணை மேஜையில் மைக் இருந்தது. அங்கே ஓடினார்.

மைக்கில் பேசும் பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். சீட்டில் இருந்த பெயரைப் படித்து, மாடிப்படி அருகே வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். அந்தப் பெயரில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி எலும்பும் தோலுமாக எழுபது வயசு. இன்னொருத்தி மருந்துக்கடை வரிசையை விட்டுவிட்டு வந்தவள். தன்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று சண்டைக்கு நின்றாள்.

அவர் மனைவி வரவில்லை. அவருக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தப் பெயர் ஆதார் அட்டைக்காக யாரோ ஒரு குமாஸ்தா கேட்டு எழுதிக்கொண்ட பெயர். பிறந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றே பெயர். மகளுக்கு அம்மா. இவருக்கு, கல்யாணமான நாளிலிருந்து இருபத்தேழு வருஷமாக, ‘இந்தா’. அட்டைப் பெயரை மைக்கில் கேட்டால் யாரோ ஒருத்தியைக் கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவாள்.

“போட்டோ இருக்கா?” என்று மைக் பெண் கேட்டாள்.

“பட்டன் போன் தங்கச்சி. மக கிட்ட இருக்கும். அவ வேலை செய்யற இடத்துல போனை வாங்கிப் பூட்டி வெச்சுடுவாங்க. ஒரு மணிக்குத்தான் குடுப்பாங்க.”

அட்டையை எடுத்துக் காட்டினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின படம். கறுப்பாக ஒரு உருண்டை, அதில் இரண்டு வெள்ளைப் புள்ளி.

“இதைப் பாத்து யாரைத் தேடறது? எங்கம்மாவும் அட்டையில இப்படித்தான் இருக்காங்க.” ஒரு தாளை நகர்த்தினாள். “அடையாளம் எழுதிக் குடுங்க. நீங்களே எழுதணும், நான் அதை அப்படியே படிப்பேன். போன மாசம் நானா ஒரு அம்மாவைக் குண்டா இருப்பாங்கன்னு சொல்லப்போய் குடும்பமே அடிக்க வந்துடுச்சு.”

பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதத் தெரியும். நாற்பத்தாறு வயசுக்கு மேல் சுமைதூக்குவோர் சங்கம் நடத்திய படிப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டது. ஆனால் பின்னால் வரிசை நிற்க, தலைக்கு மேலே கடிகாரம் ஓட, அவர் எழுதிப் பழகியதில்லை. பத்து இருபத்தெட்டு.

“என்ன கலர் துணி?”

“காலையில பச்சை. இல்ல, பச்சை நேத்து. மேலேதான் அங்கி மாட்டிட்டாங்களே தங்கச்சி.”

“அங்கி எல்லாருக்கும்தான். உயரம்?”

“என் தோளுக்கு வருவா.”

“உங்க தோள் எங்க இருக்குன்னு மைக்ல எப்படிச் சொல்றது? மச்சம், தழும்பு, நொண்டல், ஏதாவது?”

அவர் கண்ணை மூடி யோசித்தார். மனைவியின் முகத்தை வரவழைத்துப் பார்த்தார். அது வந்தது.

“அப்படி ஒண்ணும் இல்லையே.”

“அப்ப எப்படித்தான் இருப்பாங்க?”

அதைத்தான் எழுதினார். வயது ஐம்பது. பச்சை அங்கி. பிறகு ‘க’ போட்டார். அடுத்த எழுத்துக்குக் கொம்பை முன்னால் போட வேண்டும் என்பது ஞாபகம் வர ஒரு விநாடி ஆனது. போட்டார். கட்டைகளை அடுக்குவது போல ஒவ்வொன்றாக அடுக்கி முடித்தபோது ‘களையான முகம்’ என்று வந்திருந்தது.

மைக் பெண் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இதையா படிக்கச் சொல்றீங்க?”

“ஆமா. அதுதான் அடையாளம்.”

வாசல் காவலாளி எட்டிப் பார்த்தான். தேடிப்போக வேண்டியவன் அவன்தான். “களைன்னா என்னங்க? வெள்ளையா இருப்பாங்களா?”

வரிசையில் கைக்குழந்தையோடு நின்றவள் முகத்தைச் சுளித்தாள். “வெள்ளைக்கும் களைக்கும் என்னய்யா சம்பந்தம்? எங்க மாமியா வெள்ளைவெளேர்னு இருக்கும். மூஞ்சியைப் பாத்தா அடிச்ச சுண்ணாம்பு இன்னும் காயாத மாதிரி இருக்கும்.”

“மூக்கும் முழியுமா இருந்தா களை” என்றார் ஒருவர்.

“அது லட்சணம்” என்றார் அவருக்குப் பின்னால் நின்ற தையற்காரர். கழுத்தில் நாடாவோடே வந்திருந்தார். “லட்சணத்தை நாடா வெச்சு அளந்துடலாம். களையை அளக்க முடியாது. ஒரு மூஞ்சியைப் பாத்துட்டுப் போறோம். நாலு அடி போனதும் இன்னொரு தரம் பாத்தா என்னன்னு தோணுதில்ல, அது.”

“அழகுன்னு எழுதியிருக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.”

“அழகுன்னா தூரத்துலேருந்தே தெரியணும். களை பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.”

“ஒவ்வொரு அம்மா பக்கத்துலயும் போய் உக்காந்து பாத்தா என் வேலை போயிடும்” என்றான் காவலாளி.

“ஐயா, நேரம் போகுது” என்றார் மரவாடிக்காரர். கடிகாரத்தைக் கையால் காட்டினார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

மைக் பெண் படித்தாள். “வயது ஐம்பது. பச்சை அங்கி. களையான முகம். கணவர் கீழே விசாரணை மேஜையில் காத்திருக்கிறார்.” நாலு மாடியிலும் அது எதிரொலித்தது. அவருடைய சொந்த வார்த்தை ஒலிபெருக்கிப் பெட்டிகள் வழியாக ஊருக்கெல்லாம் போவதைக் கேட்டு அவருக்குக் காது சுட்டது. அந்த வார்த்தையை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

காவலாளி ஓடினான். ஏழு நிமிஷத்தில் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தான். நீண்ட மூக்கு, வில் மாதிரிப் புருவம், அங்கியே அவளுக்காகத் தைத்தது போல் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் தங்களை அறியாமல் வழிவிட்டார்கள்.

“இவங்கதானே?” என்றான் காவலாளி பெருமையாக.

மரவாடிக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

பின்னாலேயே அந்தப் பெண்ணின் கணவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “டீ குடிக்கப் போன நேரத்துல என் பொண்டாட்டியை எங்கய்யா இழுத்துட்டு வர்ற?”

“களையான முகம்னு தேடச் சொன்னாங்க சார்.”

“யார் சொன்னது?”

“இவர்தான்.”

“என் பொண்டாட்டி முகம் களையா இல்லையான்னு சொல்றதுக்கு இவர் யாரு?”

“விடுங்க” என்றாள் அந்தப் பெண், கண்ணைத் திறக்காமல். “நீங்களா ஒருநாளும் சொன்னதில்ல. வேற யாராவது சொன்னா மட்டும் கோவம் வருது.”

வரிசை சிரித்தது. மரவாடிக்காரர் சிரிக்கவில்லை. பத்து நாற்பத்தொன்று. இனி யாரையும் நம்பி நிற்க முடியாது என்று தானே கிளம்பினார்.

நாலாம் மாடி. இடது கூடம், வலது கூடம். மூன்றாம் மாடி. ஒவ்வொரு கூடத்திலும் முப்பது, நாற்பது பேர். எல்லாம் பச்சை, எல்லாம் தொப்பி, எல்லாம் மூடிய கண். ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

“என்னய்யா, பொம்பளைங்க மூஞ்சியை இப்படி உத்து உத்துப் பாக்கறே?” என்று ஒரு கிழவர் அதட்டினார்.

“என் சம்சாரத்தைத் தேடறேன்.”

“சொந்தச் சம்சாரத்தை இவ்வளவு கிட்டத்துல பாத்துத்தான் கண்டுபிடிக்கணுமா?”

அந்தக் கேள்வி நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அதே பயம் அவருக்கும் வந்திருந்தது. தாண்டி வந்த முகங்களில் அவளும் இருந்திருந்தால்? தலைமுடி தெரியவில்லை, நடை தெரியவில்லை, கை அங்கிக்குள். கதவு சாத்திய வீடுகள் மாதிரி முகங்கள் வரிசையாக இருந்தன. களையான முகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாரே, இந்த நூறு முகத்தில் ஒன்றிலாவது களை இருக்கிறதா என்று பார்த்தார். எதிலும் தெரியவில்லை. தோளில் தோல் உரிந்து வீட்டுக்குப் போகும் சாயங்காலத்தில், செய்கிற வேலையை விடாமல் தலையை மட்டும் தூக்கி ஒரு பார்வை பார்ப்பாள். அவர் எழுதினது அதைத்தான். அந்தப் பார்வை இல்லாத முகத்தை எப்படித் தேடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினொரு மணி தாண்டினால் இனி எப்போதும் அப்படித்தான் என்று நினைத்தபோது கால் தரையில் பாவவில்லை. மைக்கில் திரும்பவும் அதே வார்த்தை ஒலிக்க, இரண்டு இரண்டு படியாக இறங்கினார். பத்து நாற்பத்தொன்பது.

இரண்டாம் மாடியில் இல்லை. முதல் மாடியின் எதிர்ப்பக்கத்திலும் இல்லை. கீழ்த்தளத்தில் மருந்துக்கடைக்குப் பின்னால் இன்னொரு கூடம் இருந்தது. சின்ன டாக்டர்கள் செய்யும் ஆபரேஷனுக்கு அங்கேதான் வரிசை. முதல் வரிசை முழுக்கப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் பாதி பார்த்திருப்பார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“பாவங்க. அந்த மனுசன் எங்க நின்னு தவிக்கிறானோ. அவ்வளவு களையான பொம்பளையை இந்தக் கூட்டத்துல தனியா விட்டுட்டுப் போகலாமா? கொஞ்சமாவது கூறு வேணாம்?”

“அதைச் சொல்லுங்க” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“எங்க வீட்டுக்காரரும்தான் முத்திரை வாங்கப் போனார். ஆனா என்னை யாரு தூக்கிட்டுப் போகப் போறா” என்றது அதே குரல்.

ஒலிபெருக்கிப் பெட்டி அவர் மனைவியின் தலைக்கு நேர் மேலே சுவரில் இருந்தது.

“இந்தா” என்றார்.

அவள் கண்ணைத் திறக்காமல் முகத்தை மட்டும் திருப்பினாள். “வந்துட்டீங்களா? எவ்வளவு நேரம். கேட்டீங்களா, யாரோ ஒரு பொம்பளையைக் காணோமாம்.”

“நீதான்.”

“என்ன நான்தான்?”

“காணாமப் போனது நீதான். எந்திரி.”

“போங்க. அது வேற யாரோ. களையான முகம்னு சொன்னாங்க.”

“நான்தான் எழுதிக் குடுத்தேன். எந்திரி, மணி ஆகுது.”

அவள் பெஞ்சைத் துழாவிக்கொண்டு எழுந்தாள். அதற்குள் காவலாளி வந்துவிட்டான். அவளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

“இவங்களா? ஏன்யா, இடது கன்னத்துல கையகலத்துக்குத் தழும்பு இருக்கே. இந்த வரிசையை மூணு தடவை தாண்டிப் போயிட்டேன். தழும்புன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அந்த நிமிஷமே கொண்டுவந்து விட்டிருப்பேனே.”

மரவாடிக்காரர் அவள் கன்னத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும், ஒன்பது வயதில் வெந்நீர் கொட்டியது. தோல் சுருங்கி வழுவழுப்பாக மின்னியது. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன. பனிக்காலத்தில் வெடித்தால் எண்ணெய் தடவி விடுகிறவரே அவர்தான். மைக் பெண் தழும்பு என்று வாயைத் திறந்து கேட்டபோதும் அது அவர் மனசுக்கு வரவில்லை. அதனால் போன நிமிஷங்களை எண்ணிக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

பத்து ஐம்பத்தைந்து. லிஃப்ட் படுக்கையில் வருகிறவர்களுக்கு மட்டும். படியில் அவள் ஒவ்வொரு காலாகத் துழாவினாள். நாலு படி பொறுத்தார். பிறகு குனிந்து, முதுகைக் காட்டி, அவளை ஏற்றிக்கொண்டார்.

“எறக்கி விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

“உனக்குத்தான் தெரியாதே. பேசாம வா.”

கதவைத் தட்டியபோது பதினொன்று ஆகி இரண்டு நிமிஷம். நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். “பட்டியலை உள்ள குடுத்துட்டேன் பெரியவரே. ஆறாவது பேரை அடிச்சாச்சு.”

 அவர் சீட்டை மட்டும் நீட்டிக்கொண்டே நின்றார். பேசியது அவள்தான், அவர் முதுகிலிருந்து இறங்காமலே.

“நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க, கண்ணைத் திறக்காதே, நாங்களே கூப்பிடுவோம்னு. மருந்து போட்டவங்க எந்திரின்னு உங்க ஆளு வந்து கூப்பிட்டா. எந்திரிச்சேன். உக்காருன்னு கீழே உக்கார வெச்சா. உக்காந்தேன். கண்ணை இன்னும் திறக்கல. நான் எதுல தப்புப் பண்ணினேன்னு சொல்லுங்க, அடுத்த மாசம் வரேன்.”

நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் கதவுக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். உள்ளே ஏதோ ஒரு தட்டில் கத்தரி விழும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை.

நர்ஸ் வந்தாள். “கடைசி ஆளா எடுத்துக்கறேன்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டு மணி ஆகும். மருந்து திரும்பப் போடணும். இந்தப் பெஞ்சை விட்டு அசையக் கூடாது, ரெண்டு பேரும்.”

உட்கார்ந்தார்கள். அவர் அவள் அங்கியின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

“தழும்பை ஏன் எழுதல?” என்றாள் ரொம்ப நேரம் கழித்து.

“ஞாபகம் வரல.”

“இருபத்தேழு வருசமா பாக்கறீங்க.”

“வரல. என்ன பண்ணச் சொல்றே?”

“இனிமே தொலைஞ்சா தழும்புன்னே எழுதுங்க. எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.” அங்கியின் மடிப்பை நீவிவிட்டாள். “அந்தப் பொண்ணு எத்தனை தடவை சொல்லிச்சு?”

“மூணு.”

“நாலு. நான் எண்ணினேன்.”

இரண்டேகாலுக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். நாலு மணிக்குக் கண்ணில் பெரிய கட்டோடு வெளியே கொண்டுவந்தார்கள். புரை கல்லாக இறுகியிருந்தது, பார்வை எவ்வளவு வரும் என்று கட்டு பிரித்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி வார்டு நடையில் படுத்தவருக்கு இமை ஒட்டவில்லை.

காலையில் நர்ஸ் கட்டைப் பிரித்தாள். பஞ்சை எடுத்ததும் சிவந்த கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் இமையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நர்ஸ் முகத்துக்கு நேரே மூன்று விரல்களை நீட்டினாள். “எத்தனைம்மா?”

 கட்டிலின் கால்மாட்டில் நின்ற மரவாடிக்காரர் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, தெரியுதா? எத்தனை விரல்?”

“இருங்க.” அவள் விரல்களைப் பார்க்கவில்லை. அவற்றைத் தாண்டி, தலையைச் சற்றுத் தூக்கி, கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு” என்றாள். “இவருக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?”